தடகளத்தில் பத்தாண்டுத் திட்டம்: பெற்றோரும் மாணவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குறுவட்டப் போட்டியில் முதன்முதலாக ஒரு பிள்ளை ஜெயித்து வந்ததும் வீட்டில் கேள்விகள் ஆரம்பித்துவிடும். 12 முதல் 20 வயதுவரை ஓடுகிற, தாண்டுகிற, எறிகிற தமிழ்நாட்டுப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை. மற்ற விளையாட்டுகளுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

எந்த வயதைக் குறிவைத்துத் திட்டம் போட வேண்டும்?

இருபதுகளின் நடுப்பகுதியை. தடகளத்தில் பெரும்பாலானோரின் உச்சம் அங்கேதான் இருக்கிறது, நெடுந்தூர ஓட்டத்தில் இன்னும் தள்ளிப் போகும். மும்முறை தாண்டுதலில் பிரவீன் சித்திரவேல் 2018 இளையோர் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். 17.37 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்தது 2023இல். பி.டி. உஷா 1984இல் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடிய 55.42 நொடியை வித்யா ராம்ராஜ் 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் சமன் செய்தபோது அவருக்கு வயது 25.

ஆகவே 13 வயதுப் பிள்ளைக்கு முன்னால் குறைந்தது எட்டுப் பத்து வருடம் இருக்கிறது. இந்த வருடம் மாநிலப் போட்டியில் மெடல் வருமா என்பதைவிட, அந்தப் பத்து வருடமும் இவன் மைதானத்துக்கு வருவானா என்று பார்ப்பதுதான் திட்டம்.

13 வயதில் எல்லாரையும் ஜெயித்தவன் 17இல் காணாமல் போவது ஏன்?

முதல் காரணம் உடல். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பையன்களின் எலும்பு வளர்ச்சியில் இரண்டு, மூன்று வருட வித்தியாசம் இருக்கலாம். மீசை முளைத்தவன் முளைக்காதவனை ஜெயிப்பதில் பயிற்சியின் பங்கு குறைவு. 16, 17இல் மற்றவர்களும் வளர்ந்ததும் அந்த வசதி போய்விடும். அதுவரை பலத்தாலேயே ஜெயித்துப் பழகியதால் நுணுக்கம் கற்றிருக்க மாட்டான்.

இரண்டாவது, பிறந்த மாதம். 18, 20 வயதுக்குட்பட்டோர் பிரிவுகளில் அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று என்ன வயது என்றுதான் கணக்கு. ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் ஒரே பிரிவில் நிற்பார்கள். டிசம்பர் பிள்ளை ஐந்தாவது வந்தால் அது மோசமில்லை.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை: பிரிவு மாறும்போது கருவியும் மாறுகிறது. ஆண்களுக்கான குண்டு 18 வயதுக்குள் 5 கிலோ, 20க்குள் 6 கிலோ, அதன்பின் 7.26 கிலோ. ஈட்டி 18க்குள் 700 கிராம், பிறகு 800. பெண்களுக்குக் குண்டு 3 கிலோவிலிருந்து 4 கிலோ, ஈட்டி 500 கிராமிலிருந்து 600. 110 மீட்டர் தடை ஓட்டத்தில் தடையின் உயரம் 91.4 சென்டிமீட்டரில் தொடங்கி 99.1 ஆகி, 106.7இல் முடிகிறது. கை பலத்தால் மட்டும் 5 கிலோ குண்டைத் தள்ளியவனுக்கு 7.26 கிலோ வந்ததும் தூரம் மீட்டர் கணக்கில் குறையும். இடுப்பும் காலும் சேர்ந்து தள்ளக் கற்றவன் அவ்வளவு இழப்பதில்லை. இது தெரியாத வீட்டில் “பையன் சோம்பேறி ஆகிவிட்டான்” என்ற பேச்சு வரும்.

ஒரே போட்டியை எப்போது தேர்ந்தெடுப்பது?

14 வயதுவரை வேண்டாம். ஓட்டம், தாண்டுதல், எறிதல் மூன்றிலும் ஏதாவது ஒன்று வாரத்தில் வரட்டும். இந்தியத் தடகள சம்மேளனமே மாவட்டங்களுக்கிடையேயான ஜூனியர் போட்டியில் 14க்குட்பட்டோருக்கு டிரையத்லான் வைத்து, மூன்று போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டித்தான் இடம் தருகிறது. 15, 16இல் ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கலாம்: குறுதூரம், நடுத்தூரம், தாண்டுதல், எறிதல் என்று. அந்தக் குடும்பத்துக்குள் ஒரு போட்டியில் நிலைக்க 17, 18 வயது போதும்.

கபடி, வாலிபால் ஆடுகிற பிள்ளையை அதிலிருந்து பிடுங்க வேண்டியதில்லை. வாலிபாலில் குதித்தவர்கள் உயரம் தாண்டுதலுக்கு நன்றாக வருகிறார்கள். ஒரே வாரத்தில் இரண்டு கோச்சும் முழு வேலை வாங்கினால்தான் சிக்கல். அதை நீங்கள்தான் பேசித் தீர்க்க வேண்டும், பிள்ளையால் பேச முடியாது.

வாரத்துக்கு எவ்வளவு பயிற்சி?

எளிய கணக்கு ஒன்று உண்டு: வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 13 வயதுக்கு அதிகபட்சம் 13 மணி. பள்ளி பி.இ.டி. வகுப்பும் தனிப் பயிற்சியும் வாரக் கடைசிப் போட்டியும் இதில் அடங்கும். நடைமுறையில் 12, 13 வயதில் வாரம் 3, 4 நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் தாராளம். 15, 16இல் 5 நாள். 17க்கு மேல் 5, 6 நாள். எந்த வயதிலும் வாரம் ஒரு நாள் முழு ஓய்வு. ஓய்வு நாளில் சும்மா நீந்துவதோ தெருவில் விளையாடுவதோ தப்பில்லை.

வேகப் பயிற்சியை ஒருநாள் விட்டு ஒருநாள் வைக்க வேண்டும். தினமும் முழு வேகத்தில் ஓடவிட்டால் மூன்றாவது வாரத்தில் தொடைப் பின்தசை பிடிக்கும். அளவைக் கூட்டும்போது முந்தைய வாரத்தைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டாதீர்கள். பரீட்சைக்காக மூன்று வாரம் நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலேயே தொடங்குவதால் வரும் காயங்கள்தான் இங்கே அதிகம். நிறுத்தியபின் முதல் வாரம் பாதி, இரண்டாம் வாரம் முக்கால் என்று ஏறுங்கள்.

திடீரென உயரமாகிறான், ஓட்டம் கெட்டுவிட்டது. என்ன செய்வது?

ஒன்றும் கெடவில்லை. கால் எலும்பு முதலில் நீள்கிறது, தசையும் தசைநாரும் பின்னால் வருகின்றன. இடையில் உடல் தன் அளவை மறந்தது போல நடந்துகொள்ளும். பெண் பிள்ளைகளுக்குச் சராசரியாக 12 வயதை ஒட்டி, பையன்களுக்கு 14ஐ ஒட்டி இது உச்சத்தில் இருக்கும். ஆளுக்கு ஆள் ஒன்றிரண்டு வருடம் முன்பின் ஆகலாம்.

அதைக் கண்டுபிடிக்கச் சுவரும் பென்சிலும் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலையில், வெறுங்காலுடன், குதிகால் சுவரில் பட நிற்கவைத்து, தலைமேல் ஒரு புத்தகத்தைச் சமமாக வைத்துக் கோடு போடுங்கள். மூன்று மாதத்தில் 2 சென்டிமீட்டர் கூடியிருந்தால் வேகமான வளர்ச்சியில் இருக்கிறான் என்று கொள்ளலாம்.

அந்த மாதங்களில் தாண்டுதலையும் கடினத் தரையில் குதிப்பதையும் பாதியாகக் குறையுங்கள். மண்ணிலோ புல்லிலோ ஓடட்டும். ஓட்ட நடை, சமநிலை, இடுப்பு வலுப் பயிற்சிகளை அதிகமாக்குங்கள். நேரம் பார்த்து ஓடவிடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்துவது நல்லது, எண்ணைப் பார்த்துப் பிள்ளை நொந்துபோவான்.

முட்டிச் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பதும், குதிகாலின் பின்பக்கம் வலிப்பதும் இந்த வயதில் சாதாரணம். தசைநார் இழுக்கும் இடத்தில் வளரும் எலும்பு இன்னும் இறுகாததால் வருகிறது. பயிற்சியைக் குறைத்தால் பெரும்பாலும் தானாக அடங்கும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதுதான் கூடாது.

முன்கால் எலும்பில் வலி. ஓடலாமா?

விரல் நுனியால் எலும்பை மேலிருந்து கீழாக அழுத்திப் பாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்து, வார்ம்-அப் செய்ததும் குறைந்தால் பளு கூடியதன் அறிகுறி. இரண்டு வாரம் குறையுங்கள், தார் ரோட்டில் ஓடுவதை நிறுத்துங்கள். ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் நுண்முறிவு இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். ஆரம்ப நாட்களில் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவதுண்டு. “எக்ஸ்ரே நார்மல், ஓடு” என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள்.

வெயிட் தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடுமா?

நிற்காது. பார்த்துச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல், அதிகப் பளுவைத் தப்பாகத் தூக்கினால் காயம் வரும், அவ்வளவுதான். 12, 13இல் தண்டால், உட்கார்ந்தெழுதல், தொங்குதல், 1 முதல் 3 கிலோ மெடிசின் பால் (கனமான பயிற்சிப் பந்து) எறிதல். 14, 15இல் வெறும் கம்பியை வைத்து முறை பழகுவது. வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு பயிற்சியும் 8 முதல் 12 தடவை, இரண்டு மூன்று சுற்று. “அதிகபட்சம் எவ்வளவு தூக்குவான்” என்று சோதிக்கும் ஆசையை 17வரை அடக்கிவையுங்கள்.

பள்ளி நாட்காட்டியோடு வருடத் திட்டத்தை எப்படி இணைப்பது?

நம் ஊரில் இதுதான் உண்மையான சிக்கல். ஜூனில் பள்ளி திறக்கிறது, சில வாரங்களில் குறுவட்டம், அடுத்து வருவாய் மாவட்டம், பிறகு மாநிலம், தேர்வானால் தேசியப் பள்ளி விளையாட்டு. இன்னொரு பக்கம் மாவட்டத் தடகள சங்கம் வழியாக ஜூனியர் போட்டிகள். இடையில் முதலமைச்சர் கோப்பை. எல்லாவற்றிலும் உச்சத்தில் நிற்க யாராலும் முடியாது. வருடத்துக்கு இரண்டு போட்டியை மட்டும் ‘பெரியது’ என்று குறியுங்கள். மற்றவை பயிற்சியின் பகுதி, அதில் மூன்றாவது வந்தாலும் பரவாயில்லை.

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மூன்று வாரம் தடகளமே வேண்டாம். பிறகு மே, ஜூனில் அடிப்படை: மெதுவோட்டம், வலு, நுணுக்கம். வெயில் காரணமாகக் காலை 5.30 முதல் 7.30க்குள் முடிக்க வேண்டும். ஜூலை முதல் வேகம் கூடட்டும். பெரிய போட்டிக்குப் பத்து நாள் முன்பு அளவைப் பாதியாக்கி, வேகத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் “இன்னும் கொஞ்சம்” என்று உழைக்கவைப்பது கோச்சுகளிடம் உள்ள பழைய வியாதி.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பில் நிறுத்திவிடலாமா?

முழுதாக நிறுத்தினால் திரும்பி வருபவர்கள் குறைவு, பெண் பிள்ளைகள் இன்னும் குறைவு. வலுவையும் வேகத்தையும் தக்கவைக்க வாரம் மூன்று நாள், 50 நிமிடம் போதும்: ஒருநாள் வேகம், ஒருநாள் வலு, ஒருநாள் நுணுக்கத்தோடு மெதுவோட்டம். ஜனவரி முதல் மார்ச்வரை இதை மட்டும் செய்யட்டும், போட்டி வேண்டாம். இதை ஜூன் மாதமே வீட்டிலும் பள்ளியிலும் கோச்சிடமும் பேசி முடிவு செய்துவிட வேண்டும். ஜனவரியில் பேசினால் சண்டைதான் வரும்.

டியூஷன் முடிய ராத்திரி 9.30 ஆகிறது, காலை 5 மணிக்குப் பயிற்சி.

13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இந்தக் கணக்கில், சாப்பிட்டுப் படுப்பதும் எழுந்து கிளம்புவதும் போக, அது 6 மணி நேரத்தைத் தாண்டுவதே கஷ்டம். காலைப் பயிற்சியை வாரம் இரண்டு நாளாக்கி மற்றதை மாலைக்கு மாற்றுங்கள், அல்லது டியூஷனைக் குறையுங்கள். மூன்றாவது வழி ஒன்று இருப்பதாகப் பெற்றோர் நம்புகிறார்கள், பிள்ளை பழகிக்கொள்வான் என்று. பழகுவதில்லை. நுணுக்கம் மனதில் பதியாது, காயம் கூடும், இரண்டு மாதத்தில் சளியும் காய்ச்சலுமாக வரும்.

என்ன சாப்பிடக் கொடுப்பது? புரோட்டீன் பவுடர் தேவையா?

பவுடர் தேவையில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் கணக்கு. 50 கிலோ பிள்ளைக்கு 60 முதல் 80 கிராம். வீட்டுச் சாப்பாட்டில் பாருங்கள்: இரண்டு முட்டை 12 கிராம், நாலு இட்லியும் சாம்பாரும் சேர்ந்து சுமார் 12, மதியம் சோறு பருப்பு தயிரில் 18 முதல் 20, மாலையில் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் 12, இரவு நாலு சப்பாத்தி 12, ஒரு டம்ளர் பால் 6 அல்லது 7. எழுபதைத் தாண்டிவிட்டது. மீனோ கோழியோ உள்ள நாளில் இன்னும் அதிகம்.

பெரும்பாலும் குறைவது புரதமல்ல, மொத்தச் சாப்பாடுதான். காலையில் வெறும் வயிற்றில் ஓடி, குளித்து, அவசரமாக இரண்டு இட்லியோடு பள்ளிக்குப் போகிற பிள்ளை மதியம்வரை பட்டினி கிடக்கிறது. ஓடுமுன் ஒரு வாழைப்பழம் அல்லது கேழ்வரகுக் கஞ்சி. ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் முழுச் சாப்பாடு, டிபன் பாக்ஸில் கட்டியாவது. பையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை எப்போதும் இருக்கட்டும்.

தண்ணீருக்கு எடை பாருங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை போட்டு, 50 கிலோ பிள்ளை ஒரு கிலோ குறைந்திருந்தால் அன்று குடித்தது போதவில்லை. அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகால், ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும். வியர்வை கொட்டும் நாளில் மோரில் உப்புப் போட்டுக் கொடுப்பது நல்ல வழக்கம்.

பெண் பிள்ளைக்கு மாதவிடாய் நின்றுவிட்டது. பயிற்சி அதிகமானால் இப்படித்தான் என்கிறார்கள்.

அப்படிச் சொல்வது தவறு, ஆபத்தும்கூட. மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால், அல்லது 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டால், மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். எரிக்கும் சக்திக்கு ஏற்ற உணவு உள்ளே போகாதபோது உடல் முதலில் நிறுத்தும் வேலைகளில் இதுவும் ஒன்று. கூடவே எலும்பும் பலவீனமாகும், நுண்முறிவுகள் வரும். எலும்பின் பெரும்பகுதி இந்த வயதில்தான் சேர்கிறது. “எடையைக் குறை, வேகம் வரும்” என்று 15 வயதுப் பெண்ணிடம் சொல்லும் கோச்சிடமிருந்து விலகி வாருங்கள்.

காரணமில்லாமல் சோர்ந்து போனால் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தச் சோதனை) பாருங்கள். ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருந்தும் இரும்புச் சேமிப்பு காலியாக இருக்கலாம். சாப்பாட்டோடு டீ, காபி குடித்தால் இரும்பு உடலில் சேர்வது குறையும். கீரையோடு எலுமிச்சை, நெல்லி, கொய்யா சேர்த்தால் கூடும். இரும்பு மாத்திரை மட்டும் மருத்துவர் சொன்னால்தான்.

ஸ்பைக்ஸ் எப்போது வாங்குவது?

13க்குப் பிறகு, அதுவும் போட்டிக்கும் வாரம் ஒரு வேகப் பயிற்சிக்கும் மட்டும். மற்ற நாளெல்லாம் சாதாரண ஓட்டக் காலணி. சிந்தெடிக் டிராக்கில் ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டிக்கும் 12. மண் டிராக்கில் ஓடிப் பழகியவர் ஆணியை மாற்றாமல் சிந்தெடிக்குக்கு வந்து, போட்டிக்கு முன் சரிபார்க்கும் அழைப்பு அறையில் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. ஆணி கழற்றும் சாவி பையில் இருக்கட்டும். வளரும் காலுக்கு இரண்டு அளவு பெரிதாக வாங்கிப் பஞ்சு வைக்காதீர்கள், கணுக்கால் புரளும்.

வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கினால் மெடல் வரும் என்கிறார்களே?

இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைக் கணிக்கிறார்கள். சிக்கினால் தடை. ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் மூன்றும் ஒத்துப்போகாமல் வேலைக்குப் போகும்போதும் தலைவலி. சிக்காவிட்டாலும் நஷ்டம்தான்: இரண்டு வயது சின்னவர்களை ஜெயித்துப் பழகியவன், பெரியவர்கள் பிரிவுக்கு வரும்போது ஒளிந்துகொள்ள இடம் இருக்காது.

இருமல் மருந்து குடித்தால்கூட ஊக்கமருந்தில் மாட்டுவார்களா?

மாட்டலாம். நம் மருந்துக் கடைகளில் கிடைக்கும் பல இருமல் சிரப்புகளில் டெர்புட்டலின் இருக்கிறது, அது தடைசெய்யப்பட்ட பொருள். மூக்கடைப்புக்கான மாத்திரைகளில் உள்ள சூடோஎபெட்ரின் போட்டி நாளில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கக் கூடாது. உடம்பில் எப்படி வந்திருந்தாலும் பொறுப்பு வீரருடையதே என்பதுதான் விதி. எந்த மருத்துவரிடம் போனாலும் “நான் போட்டியில் ஓடுகிறவன்” என்று முதலில் சொல்லிவிட்டு, சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஆஸ்துமா போன்றவற்றுக்குத் தேவைப்படும் மருந்தானால் சிகிச்சைக்கான விலக்கு கேட்டு முன்கூட்டியே விண்ணப்பிக்க வழி உண்டு. பெயர் ஒட்டாத டப்பா, “வைட்டமின் ஊசி”, ஜிம் நண்பர் தந்த மாத்திரை எதையும் தொடக் கூடாது.

விளையாட்டு விடுதியில் சேர்ப்பது நல்லதா?

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்குத் தேர்வுப் போட்டி வைத்து 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேர்க்கிறார்கள். உணவு, தங்குமிடம், பயிற்சி கிடைக்கிறது. பக்கத்தில் நல்ல மைதானமும் கோச்சும் இல்லாத வீட்டுக்கு இது பெரிய வாய்ப்பு. போவதற்குமுன் நேரில் பாருங்கள்: உங்கள் பிள்ளையின் போட்டிக்கு அங்கே கோச் உண்டா, பள்ளி எவ்வளவு தூரம், காயம் பட்டால் யார் மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்கள். ஊரிலேயே நல்ல கோச் கிடைத்திருந்தால் 7ஆம் வகுப்பில் அவசரப்படாமல் 11வரை காத்திருக்கலாம் என்பதே எங்கள் கருத்து.

சான்றிதழ்களை எப்படி வைத்துக்கொள்வது?

பேச்சில் எல்லாரும் ‘ஃபார்ம்’ என்பார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்குக் கேட்கும் படிவங்களில் 1ஆம் படிவம் சர்வதேசப் போட்டிக்கு, 2ஆம் படிவம் மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் கலந்ததற்கு, 3ஆம் படிவம் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டிக்கு, 4ஆம் படிவம் தேசியப் பள்ளி விளையாட்டுக்கு. போட்டி முடிந்த சில வாரங்களிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஐந்து வருடம் கழித்துப் போனால் பொறுப்பாளர் மாறியிருப்பார், பதிவேடு கிடைக்காது.

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் உண்டு, அரசுப் பணிகளில் 3 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. எந்தப் போட்டிக்கு எத்தனை மதிப்பெண், எந்த ஆண்டுச் சான்றிதழ்வரை செல்லும் என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பாருங்கள். சான்றிதழில் பெயரின் இனிஷியல், பிறந்த தேதி, போட்டியின் பிரிவு மூன்றையும் வாங்கும் இடத்திலேயே சரிபாருங்கள்.

மைதானத்தில் பெற்றோர் நின்று பார்க்கலாமா?

பார்க்கலாம், கத்த வேண்டாம். வீட்டுக்குத் திரும்பும் பைக்கில் டைமிங் பற்றிப் பேச வேண்டாம். “பசிக்கிறதா?” என்று கேளுங்கள்.

டைரியில் என்ன எழுதுவது?

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, தூங்கிய நேரம், காலையில் எழுந்தவுடன் நாடித் துடிப்பு, என்ன பயிற்சி, எங்கே வலி, எவ்வளவு கடினமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு எண். வழக்கத்தைவிட நாடி 8, 10 துடிப்பு அதிகமாக மூன்று நாள் நீடித்தால் அன்றைய பயிற்சியை லேசாக்குங்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை 30 மீட்டர் ஓட்டமும், நின்ற இடத்தில் நீளம் தாண்டுதலும், அதே காலணியில், அதே தரையில், அதே நேரத்தில் சோதித்து எழுதுங்கள். மெடல் வராத வருடத்தில் பிள்ளை முன்னேறியிருக்கிறானா என்று கேட்டால் காட்டுவதற்கு இந்த நோட்டுதான் இருக்கும். கோச் மாறினால் அவரிடம் முதலில் கொடுக்க வேண்டியதும் இதைத்தான்.